ஏழாம் கட்டமும் ஒரு நீல பல்பும்

அந்த வீட்டுக் கதவு ஒருநாளும் பூட்டப்படவில்லை. எங்களை ஏதோ சிறையில் போட்டு வாட்டியதுபோல் பின்னால் சிலர் உருகி உருகி எழுதினார்கள். எனக்கு அந்த உருக்கம் பிடிக்கவில்லை. வாசலில் சாதாரணத் தேக்குக் கதவுதான், சாதாரணக் கைப்பிடிதான். திருகினால் திறக்கும். திறந்தால், ஏழு வருடமாக முந்நூறு பேர் பாலைவனத்தில் உட்கார்ந்து சேர்த்த அத்தனை தரவும் அந்த நிமிடமே செல்லாக்காசாகிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

போடிக்கு மேலே, குரங்கணி மலையில், பழைய ஏலக்காய் எஸ்டேட் பங்களா ஒன்றைப் புதுப்பித்துக் ‘கண்கட்டு வீடு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். உலகத்தில் இந்த மாதிரி பதினோரு வீடுகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் காரணம், கரும்பொருளைக் கண்டுபிடித்துவிட்டதாக மூன்று முறை பறைசாற்றி, மூன்று முறையும் முகத்தில் கரி பூசிக்கொண்ட எங்கள் விஞ்ஞானிக் கூட்டம். மூன்றாவது முறை கண்டுபிடித்தது ஓர் இயந்திரம். அதைப் பழக்கியவர்கள் மனிதர்கள் அல்லவா? அவர்கள் ஆசைப்பட்டதை அது தேடி எடுத்துக் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் இந்தச் சட்டம் வந்தது. தரவை ஆராய்பவர்கள் இரண்டே பேர். வெளி உலகச் சேதி ஒரு சொல்கூட உள்ளே போகாது. இருவரும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று ஒரே பதிலைச் சொல்லும்வரை வெளியே வரக் கூடாது. சாவுச் சேதியும் உள்ளே வராது என்ற வரிக்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டோம்.

என் பெயர் அமலோற்பவம். ஊர் தூத்துக்குடி. வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கரும்பொருளைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று என் தங்கை சொல்வாள். உள்ளே என்னோடு வந்தவன் சுருளிவேல், முப்பத்தாறு வயதுப் புள்ளியியல்காரன். சொந்த ஊர் போடியேதான். ஜெர்மனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்ததால் தேர்வுக் குழு அதைக் கவனிக்கவில்லை. மலை அடிவாரத்திலேயே வீடு இருக்கிற ஒருவனை மலைமேல் அடைத்து வைக்கிறோம் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

தை மாதக் கடைசியில் உள்ளே போனோம். வழியனுப்ப அவன் மனைவி தவமணி ஜீப்பில் கூடவே வந்திருந்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. பங்களா வாசலில் நின்று என்னைக் கேட்டாள்.

“அப்படி உள்ள போயி என்னத்தக்கா தேடப் போறீங்க? இவருகிட்ட கேட்டா பிளாக்போர்டு கேக்குறாரு.”

“ஒலகத்துல கண்ணுக்குத் தெரியுற நட்சத்திரம், மலை, நீ, நான் எல்லாத்தையும் சேத்தாலும் கொஞ்சந்தாம்மா. அதப் போல அஞ்சு மடங்கு, கண்ணுக்கே தெரியாத பொருள் ஒண்ணு கெடக்கு. எல்லாத்தையும் இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கு. ஆனா ஆளு யாருன்னு காட்டிக்க மாட்டேங்கு.”

“எங்க பெரிய மாமனாரு மாதிரி. வீட்டுல அம்புட்டும் அவரு பேச்சுக்குத்தான் நடக்கும். ஆளு கண்ணுல பட மாட்டாரு.”

சுருளி சிரித்துவிட்டான். “அந்தப் பொருளோட ரெண்டு துகள் மோதிக்கிட்டா, ரெண்டுமே அழிஞ்சு காமா கதிரா வெளிய வரும்னு ஒரு கணக்கு. அது வருதான்னு ஒரு குட்டி விண்மீன் மண்டலத்துல பாத்திருக்காய்ங்க.”

“குட்டியில ஏன் பாக்கணும்? பெருசுலதான நெறய இருக்கும்?”

“பெருசுல சத்தம் ஜாஸ்தி தவமணி. சித்திரைத் திருவிழாவுல ஒருத்தன் முணுமுணுத்தா கேக்குமா? குட்டியில நட்சத்திரமும் கம்மி, வெடிக்கிறது, எரியிறது எதுவும் கெடையாது. கரும்பொருள் மட்டும் மண்டிக் கெடக்கும். ஆளில்லாத வீட்டுல முணுமுணுப்புக் கேட்டா என்ன அர்த்தம்?”

“பேயின்னு அர்த்தம்.”

“அந்தப் பேயத்தான் தேடுறோம்,” என்றேன். “அந்தக் கதிர் நம்ம காத்துல வந்து மோதும்போது நீலமா ஒரு வெட்டு வெட்டும். கண்ணால பிடிக்க முடியாது. தொலைநோக்கி பிடிக்கும்.”

“நீலமா?” என்று கேட்டுவிட்டு அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையின் அர்த்தம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். சாமான்கள் சுவரில் இருந்த இரட்டைக் கதவுப் பெட்டி வழியாக வந்தன. பருப்பு, அரிசி, காய்கறி எல்லாம் வெறும் டப்பாக்களில்தான் வரும். பொட்டலம் கட்டிய தாளில் ஏதாவது செய்தி இருந்துவிட்டால்? ஒரு தினசரி காலண்டர் கேட்டேன், கிழிப்போமே, பொழுது போகுமே என்று. மறுத்துவிட்டார்கள். தாளின் அடியில் ராசிபலன் இருக்குமாம். ‘நற்செய்தி வரும்’ என்று படித்துவிட்டு நான் போய் ‘ஆம்’ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? சுவரில் தேதி காட்டும் மின்கடிகாரம் ஒன்றை மாட்டிக் கொடுத்தார்கள். பிப்ரவரி, மார்ச் என்று அது ஓடிக்கொண்டிருந்தது.

எங்களுக்குத் தரப்பட்டவை ஒன்பது கட்டங்கள். வானத்தின் ஒன்பது துண்டுகள். அதில் ஒன்றில் அந்தக் குட்டி மண்டலம் இருக்கிறது, மற்ற எட்டும் வெறும் வானம். எது எதுவென்று எங்களுக்குத் தெரியாது. எந்தக் கட்டத்திலாவது, பின்னணியில் எப்போதும் வந்துகொண்டிருக்கும் கதிர்களைத் தாண்டி, கூடுதலாக ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் கேள்வி.

ஏப்ரலில் எனக்கு அது கிடைத்தது. ஏழாம் கட்டத்தின் வரைபடத்தில், ஒரே ஆற்றலில், ஒரு சிறிய மேடு. பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்தில் நாலைந்து பேர் மட்டும் ஒரே சட்டையில் நின்றால் கண்ணில் படுமே, அந்த மாதிரி. அன்று நான் சமையலறையில் போய் நின்று அழுதேன். இருபத்தாறு வருடம் இதற்காகக் காத்திருந்தேன். அழாமல் என்ன செய்வேன்?

சுருளி ஒரு வாரம் அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தான். பிறகு மேசைக்கு வந்து உட்கார்ந்தான்.

“மேடு இருக்கு அக்கா. இல்லேங்கல. ஆனா மத்த எட்டுலயும் குட்டி குட்டியா மேடு இருக்குல்ல? ஒம்பது பேரு பரீச்ச எழுதுனா ஒருத்தன் மொத மார்க்கு வாங்கித்தான ஆகணும்?”

“மொத மார்க்குக்கும் நூத்துக்கு நூறுக்கும் வித்தியாசம் இல்லையா தம்பி?”

“இது எழுவது மார்க்குதான். நீங்க ஆசையில நூறுன்னு படிக்கிறீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. என் கணக்கில் அது எழுபது இல்லை, தொண்ணூற்றைந்து. அவன் பின்னணியைக் கூட்டிப் போடுகிறான், நான் குறைத்துப் போடுகிறேன் என்று ஆரம்பித்த வாக்குவாதம் மே முழுக்க ஓடியது, ஜூனிலும் ஓடியது. ஒரே பானைச் சோற்றை இருவரும் தனித்தனி நேரத்தில் சாப்பிட்ட நாட்கள் உண்டு. நான் ‘ஆம்’, அவன் ‘இல்லை’. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. பொய் சொல்லாத இரண்டு பேரை ஒரு வீட்டுக்குள் விட்டால் கதவு எப்படித் திறக்கும்?

அவன் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் பின்பக்க வராந்தாவுக்குப் போவான். கையில் பைனாகுலர். பறவை பார்க்கப் போகிறேன் என்பான். ஜூனில் ஒருநாள் எரிச்சலில் பின்னாலேயே போனேன்.

“இருட்டுனப்புறம் என்ன பறவை பாக்க? ஆந்தையா?”

திடுக்கிட்டுத் திரும்பினான். பிறகு பைனாகுலரை என்னிடம் நீட்டினான். கீழே போடி நகரம் முழுக்க விளக்குகள்.

“கோயில் கோபுரத்துக்கு எடது பக்கம். தண்ணித் தொட்டி தெரியுதா? அதுக்குக் கொஞ்சம் மேல.”

நீலமாக ஒரு புள்ளி. அத்தனை மஞ்சள், வெள்ளை விளக்குகளுக்கு நடுவில் அது ஒன்றுதான் நீலம்.

“அதான் எங்க மொட்டை மாடி. தவமணி நல்லாருந்தா சாயங்காலம் நீல பல்பப் போடணும். ஏதாச்சும் ஒண்ணுன்னா போடக் கூடாது. அப்படிப் பேசி வச்சிட்டு வந்தோம்.”

எனக்கு வந்த கோபத்தில் பைனாகுலரைக் கீழே போட்டிருப்பேன். “வெளியிலருந்து ஒரு சேதி உள்ள வந்திருக்கு. இது தெரிஞ்சா அம்புட்டுத் தரவும் குப்பைக்குப் போயிரும். ஒனக்குப் புத்தி இருக்கா?”

“ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஏழாம் மாசத்துல வயித்துக்குள்ளயே போயிருச்சு அக்கா. ஆம்பளப் புள்ள. நான் அன்னிக்கி ஹாம்பர்க்ல ஒரு மீட்டிங்ல இருந்தேன். போன ஆஃப் பண்ணி வச்சிருந்தேன்.”

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சின்னப் பையன்போல ஒரு பெருமையோடு சொன்னான்: “மொத நாலு நாள் மங்கலாத்தான் தெரிஞ்சுச்சு. அப்புறம் அவளே பெரிய பல்பா மாத்திட்டா. எனக்கு நல்லாத் தெரியணும்னு.”

சட்டப்படி அதை நான் வெளியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமா, மறுநாளிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் ஆனதும் நானும் வராந்தாவில் போய் நின்றேன். மானங்கெட்டவள்! பகலெல்லாம் ஏழாம் கட்டத்துக்காக ஒருவர் தலைமுடியை ஒருவர் பிய்த்துக்கொள்வோம். சாயங்காலம் இருவருமாகக் காப்பித் தம்ளரோடு அந்த நீலப் புள்ளி வருவதற்குக் காத்திருப்போம். வந்ததும் அவன், “நல்லாருக்கா,” என்பான். நானும், “நல்லாருக்கா,” என்பேன். இப்போது நினைத்தால், அந்த வீட்டில் நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

ஜூலை நடுவில் ஒருநாள் அந்தப் புள்ளி வரவில்லை.

ஊரில் மின்சாரம் இருந்தது. கோபுர விளக்கு எரிந்தது, தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. நீலம் மட்டும் இல்லை. பல்பு ஃபியூஸ் போயிருக்கும் என்றேன். மாடி ஏற அலுப்பாக இருந்திருக்கும், நிறைமாதம் அல்லவா என்றேன். அவன் தலையாட்டினான். மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

“ஒரு நாள்னா ஃபியூஸ். மூணு நாள்னா?” என்றான். “எம் பொண்டாட்டி மறக்குற ஆளு இல்லக்கா. தன்னால ஏற முடியலன்னா பக்கத்து வீட்டுப் புள்ளைய ஏத்திவிட்டாவது போடுவா. போடலன்னா, போட வேணாம்னு ஆயிருச்சு.”

சாப்பாட்டை நிறுத்தினான். தட்டில் போட்ட சோறு காய்ந்தது. குளிக்கவில்லை. ஒருநாள் காலையில் நான் காப்பி போட்டுக்கொண்டு வந்தபோது, தேக்குக் கதவின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். கை கைப்பிடியின் மேல் இருந்தது. நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். தடுக்கவில்லை. தடுக்க எனக்கு என்ன உரிமை?

“தொறந்துட்டுப் போயிரு தம்பி,” என்றேன்.

“தொறந்தா உங்க ஏழாம் கட்டம் போயிரும்ல?”

“போவும்.”

“அந்தப் பாலைவனத்துல ஏழு வருசமா கண்ணாடியத் தொடச்சிக்கிட்டுக் கெடந்தாய்ங்களே, எங்கூடப் படிச்சவிங்கக்கா. ஒருத்தன் அங்கேயே மணல்புயல்ல செத்தான்.” கையை எடுத்தான். மறுபடியும் வைத்தான். பிறகு அப்படியே கதவில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தக் காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, “நான் ‘ஆமா’ன்னு போட்டுர்றேன்,” என்றான். “நீங்க கேட்டது அதான? எழுவதோ நூறோ, எனக்கென்ன. ரெண்டு பேரும் ஆமான்னு போட்டுட்டு வெளிய போயிரலாம்.”

ஆசை வரவில்லை என்று சொன்னால் நான் பொய்க்காரி. இருபத்தாறு வருடத்துக் கனவு, அழுக்கு லுங்கியோடு என் முன்னால் உட்கார்ந்து ‘எடுத்துக்கொள்’ என்றது. ஆனால் அவன் ஒன்றை மறந்துவிட்டான்.

“ஆமான்னா ஒடனே விட்டுருவாங்கன்னா நெனச்சே? ‘ஆமா’வுக்கு அப்புறம் ரெண்டு வாரம் விசாரணை. நீ உள்ள இருந்தேதான் பதில் சொல்லணும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஏன் எதுக்குன்னு தோண்டுவாங்க. இந்த நெலமையில ஒன்னால தாங்க முடியுமா? ‘இல்ல’ன்னாதான் அன்னிக்கே கதவு தொறக்கும்.”

அவனுக்கு அது நினைவு வந்தது. முகத்தில் மிச்சம் இருந்த கொஞ்ச நிறமும் போனது. ‘இல்லை’ என்பது அவன் பதில்தான். அதை அவன் ஏப்ரலிலேயே சொல்லிவிட்டான். சொல்ல வேண்டியவள் நான்.

அவன் கேட்கவில்லை. இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து போய்த் தன் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

அன்று மத்தியானம் முழுக்க நான் ஏழாம் கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தப்பு ஏதாவது கிடைக்காதா என்று தேடினேன். வாழ்க்கையில் முதல்முறையாக, கிடைத்துவிடக் கூடாதா என்று தேடினேன். மணல்புயல் மாதத்தில் காற்று தூசியாக இருக்கும், அதற்கு ஒரு திருத்தம் போட்டிருந்தோம். அதைக் கொஞ்சம் முறுக்கினால் மேடு தாழ்ந்தது. ஆனால் அப்படி முறுக்க ஒரு நியாயமும் இல்லை. நியாயம் இல்லாமல் முறுக்குகிறவர்களை நான் வகுப்பிலிருந்து எழுப்பி வெளியே அனுப்பியிருக்கிறேன்.

நான் யோசித்தது இவ்வளவுதான். மேடு உண்மையானால் அது அங்கேயேதான் இருக்கும், எங்கேயும் ஓடிவிடாது. எனக்குக் கிடைக்காமல் போனால் இன்னொருத்திக்குக் கிடைக்கும். தவமணிக்கு என்ன ஆகியிருந்தாலும், அவன் போய் நிற்க வேண்டியது இன்றைக்குத்தான்.

அவன் அறைக் கதவைத் தட்டினேன்.

“தம்பி, எந்திரி. நீ சொன்னது சரிதான். மணல்புயல் மாசத்துத் திருத்தத்துல நான்தான் தப்பு பண்ணிட்டேன். இப்பச் சரி பண்ணிப் பாத்தேன், மேடு படுத்திட்டு.”

எழுந்து உட்கார்ந்தான். என் முகத்தைப் பார்த்தான். என் கையெழுத்துக் காற்புள்ளியைக்கூட சரிபார்க்கிறவன் அவன். இப்போது வந்து திரையைப் பார்ப்பான், பார்த்தால் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடுவான் என்று பயந்துகொண்டே நின்றேன்.

“சரிக்கா,” என்றான். வந்து பார்க்கவில்லை.

தனித்தனி அறையில் போய் இருவரும் ‘இல்லை’யை அழுத்தினோம். கொஞ்ச நேரத்தில் வெளியே ஜீப் சத்தம். தேக்குக் கதவு வெளியிலிருந்து திறந்தது. அந்த வழியாக வந்த காற்றில் மழை வாசனை இருந்தது. சுருளி செருப்புகூடப் போடாமல் ஓடினான். ஜீப் ஓட்டியவரை, “போங்கண்ணே, போங்கண்ணே,” என்று கத்தியது வளைவு திரும்பும்வரை கேட்டது.

ஆகவே முடிவைக் கேட்க நான் ஒருத்திதான் இருந்தேன். குழுச் செயலாளர் திரையில் வந்தார். சென்னைக்காரர், சாந்தமான குரல்.

“முதல்ல ரெண்டு பேருக்கும் நன்றி மேடம். ‘இல்லை’ன்னு சொல்றதுக்கும் தைரியம் வேணும். இப்ப கண்கட்டைப் பிரிக்கிறேன். ஏழாவது கட்டம்தான் அந்த மண்டலம். மீதி எட்டும் வெறும் வானம்.”

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அதுல ஒரு சின்ன மேடு இருக்குறதா எங்க ஆளுங்க இப்பவே பேசிக்கிறாங்க. நீங்க பாத்துட்டு வேணாம்னு தள்ளினதுதானே? நல்ல வேளை. இல்லேன்னா நாலாவது தடவையும் மானம் போயிருக்கும்.”

ஒன்பது கட்டத்தில் மேடு தற்செயலாகவும் அந்த ஒன்றில் விழலாம். சுருளி இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பான். சரிதான். ஆனால் இனிமேல் அதைத் தெரிந்துகொள்ள வழி இல்லை. கட்டு அவிழ்த்த தரவை வைத்து யார் என்ன சொன்னாலும் செல்லாது. பாலைவனத்துத் தொலைநோக்கியின் கண்ணாடிகள் தேய்ந்துவிட்டன, அடுத்த ஆண்டு பிரிக்கிறார்கள். புதிதாக ஒன்று கட்டி, அத்தனை வருடம் பார்த்து, இன்னும் இரண்டு பேரை உள்ளே அனுப்பும்போது நான் இருந்தால் கிழவியாக இருப்பேன். அது எங்கேயும் ஓடிவிடாது என்று எவ்வளவு சுலபமாக நினைத்துவிட்டேன்! நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மூன்று வாரம் கழித்து சுருளி போன் செய்தான். பெண் குழந்தை, இருவரும் நலம், வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்றான். குரலில் சந்தோஷத்தைவிட வேறு ஏதோ அதிகமாக இருந்தது. ஒரு சாயங்காலம் போடி போய்ச் சேர்ந்தேன். தவமணியின் அம்மா வீடு, சுருளி வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

“எப்பம்மா பொறந்தா?”

“ஜூன் கடைசியிலயேக்கா. பத்து நாளு முந்திக்கிட்டா. ஒரு கொறையும் இல்ல. ஒரே அழுகாச்சிதான்.”

ஜூன் கடைசி. நாங்கள் வராந்தாவில் ‘நல்லாருக்கா’ சொல்லிக்கொண்டிருந்த நாட்கள். எனக்குப் புரியவில்லை. சுருளியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்புறம் ஏம்மா ஜூலையில பல்பு போடல?”

தவமணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “நீங்களுமா? இவரு வந்த அன்னிக்கே இதத்தான் கேட்டாரு. அந்தப் பல்ப நான் போட்டதே நாலு நாளுதான்க்கா! இவரு உள்ள போன அஞ்சாம் நாளு லேசா வயித்து வலி. டாக்டரம்மா மாடிப்படி ஏறவே கூடாதுன்னுட்டாங்க. அம்மா இங்க கூட்டிட்டு வந்திருச்சு. அந்த வீடு அன்னிக்குப் பூட்டுனதுதான். அம்புட்டு ஒசரத்துலருந்து ஒரு பல்பு தெரியவா போகுது, சும்மா என் ஆறுதலுக்குச் சொல்லிட்டுப் போறாருன்னுல்ல நெனச்சேன்.”

சுருளி எழுந்தான். “மாடிக்கு வாங்கக்கா,” என்றான். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனேன். தவமணியும் வந்தாள். மேற்கே மலை கறுத்து நின்றது. அந்த வராந்தா இருக்கும் இடத்தைக் கையால் காட்டினான். பிறகு திரும்பாமலே கேட்டான்.

“உங்க மணல்புயல் திருத்தத்த நான் வந்து பாக்கல. ஏன் பாக்கலன்னு எனக்குத் தெரியும். பாக்க வேணாம்னு இருந்துச்சு. இப்பச் சொல்லுங்கக்கா. ஏழாம் கட்டத்துல நெசமாவே தப்பு இருந்துச்சா?”

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துத் தெருவில் ஒரு கட்டடத்தின் உச்சியில் நீல விளக்கு ஒன்று எரிந்தது. பெரிய விளக்கு. நாங்கள் மலையிலிருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டிக்குக் கொஞ்சம் மேலே தெரியும்.

“அது என்ன லைட்டு?” சுருளியின் குரல் அவன் குரலாக இல்லை.

“அதா? புதுக் கல்யாண மண்டபம். நீங்க உள்ள போன வாரந்தான் தொறந்தாங்க. தெனம் எரியும், ஒரே கண்ணக் கூசும்.” தவமணி குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள். “ஆடி மாசம் பூராவும் அணைச்சுப் போட்டிருந்தான். ஆடியில எவன் கல்யாணம் வைப்பான்? இன்னிக்கித்தான ஆவணி பொறந்துச்சு, மறுபடி போட்டுட்டான்.”

ஜூலை நடுவில் ஆடி ஒன்று. அந்த வீட்டுக் கடிகாரத்தில் அது இல்லை. கிழிக்கிற காலண்டர் ஒன்று இருந்திருந்தால், சமையலறையில் நின்று தாளைக் கிழிக்கும்போதே என் கண்ணில் பட்டிருக்கும்.

சுருளி மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். நாலு நாள் தவமணியைப் பார்த்தான், ஐந்து மாதம் மண்டபத்தைப் பார்த்தான், இரண்டும் ஒன்றென்று நம்பினான். என்னைப் பார்த்து ‘ஆசையில் படிக்கிறீர்கள்’ என்று சொன்னவன் அவன். நானும்தான் பக்கத்தில் நின்று காப்பி குடித்தேன்.

மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். “அக்கா,” என்றான். “இருந்துச்சா?”

உண்மையைச் சொன்னால் இந்த மாடி ஏறும்போதெல்லாம், இந்த விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் அவன் செத்துப் பிழைப்பான். அவன் மகள் இந்த ஊரில்தான் வளரப்போகிறாள். குழந்தை என் தோளில் தூங்கிப்போயிருந்தது.

“இருந்துச்சு தம்பி,” என்றேன். “பெரிய தப்பு. நான்தான் மொதல்லயே கவனிக்கல.”

தலையாட்டினான். அவன் நம்பவில்லை. நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரிந்தது. தவமணி காப்பி போடக் கீழே போனாள். நாங்கள் இருவரும் பழைய வழக்கம்போல அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.